பத்துக்கு எட்டு

எங்கள் வாகன உரிமையாளர் சங்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுப்பினர்களுக்கு ஒரு படிவம் அனுப்பும். வரும் நாட்களில் தொழில் செழிக்கும் என்ற நம்பிக்கை உமக்கு எவ்வளவு என்பதைப் பத்துக்கு இத்தனை என்று எழுதித் தர வேண்டும். சரக்கு ஓட்டம் படுத்துவிட்ட இந்தப் பருவத்தில் மற்றவர்கள் நான்கும் ஐந்துமாக எழுதி ஒதுங்கிக்கொண்டார்கள். நான் எட்டு என்று எழுதினேன். இறைவன் திருமுன் நின்றபோதுகூட எனக்கு அத்தனை உறுதி வாய்த்ததில்லை. சங்கத்தின் மாத இதழில் என் படத்தை அச்சிட்டு, ‘துவளாத துணிவு’ என்று மேலே போட்டார்கள். அந்தத் தலைப்பை எழுதிக் கொடுத்தவனும் நானே.

என் ஏழு லாரிகளில் மூன்றுக்குச் சரக்கில்லை. அவை ஷெட்டில் நின்றால் தெரு பார்க்கும். ஆகவே நாள்தோறும் காலையில் காலி மரப்பெட்டிகளை அடுக்கி, தார்ப்பாய் போர்த்தி, கயிற்றை இறுகக் கட்டிப் பெரிய சாலை வழியே ஒரு சுற்று அனுப்பிவைத்தேன். வெற்று லாரி மேடுபள்ளத்தில் தன் வெறுமையைத் தானே பறையறைந்து சொல்லிவிடும் என்பதால், பெட்டிகளுக்கு இடையே பழைய டயர்களையும் செருகச் செய்தேன். ஒரு பொய் இவ்வளவு டீசல் குடிக்கும் என்று நான் ஓதிய எந்த நூலிலும் இல்லை.

அவற்றில் ஒன்றை ஓட்டியவன் என் மனைவியின் தம்பி. பன்னிரண்டு ஆண்டுகளாக என்னிடம் டிரைவர். சென்ற திங்கட்கிழமை காலை அவன் என் அறைக்குள் வந்து சில தாள்களை மேசைமேல் பரப்பினான்.

“அத்தான், இதுல சாட்சிக் கையெழுத்து ஒண்ணு போடுங்க. பேங்க்ல பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க.”

“என்னடா இது?”

“சொந்தமா லாரி எடுக்கறேன். வீட்ட அடமானம் வெச்சு.”

அவன் வீடு இரண்டே அறை. தளம் போட்டு ஓராண்டுகூட ஆகவில்லை. சுவருக்கு இன்னும் வண்ணம் பூசவில்லை.

“இப்பவா? யோசிச்சியா?”

“ஒரு மாசமா யோசிக்கறேன். நீங்க எட்டு போட்டீங்கல்ல?”

தாள்களை ஓரமாகத் தள்ளினேன்.

“மச்சான், நீ ஓட்டற வண்டி காலின்னு உனக்குத் தெரியும்ல?”

“கயித்தக் கட்டறதே நான்தானே.”

“அப்புறம் எப்படிடா?”

“அதான் அத்தான் விஷயமே. வண்டி காலியா ஓடுது, இந்த மனுஷன் எட்டு போடறாரு. நமக்குத் தெரியாதது ஏதோ அவருக்குத் தெரிஞ்சிருக்கு, பெரிய கான்ட்ராக்ட் வருது போலன்னு அக்காகிட்டகூடச் சொன்னேன்.”

“அக்கா என்ன சொன்னா?”

“சிரிச்சாங்க. ஏன்னு சொல்லல.”

பேனா மூடியைத் திறந்தேன், மூடினேன். ஊருக்கெல்லாம் அபயம் காட்டும் கோலத்தில் ஒரு மாதம் நின்றவன், அதை நம்பி வந்த முதல் அடியவன் எதிரே வியர்த்துப்போனேன்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது மச்சான்.”

“சொல்லக்கூடாதுன்னா விடுங்க. புரியுது.”

“ரகசியம் இல்லடா. நெசமாவே தெரியாது. பெருமைக்குப் போட்டேன்.”

“சும்மா சொல்றீங்க.”

எட்டு என்று எழுத ஒரு நொடி போதுமாயிருந்தது. என் அறியாமையை நிறுவ அரை மணி நேரம் ஆயிற்று. முடிவில் சரக்குப் பதிவேட்டை எடுத்து அவன்முன் வைத்தேன். அடுத்த மாதத்துப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினான். எல்லாம் வெள்ளை. ஒரு பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கூடப் பார்த்தான். என்மேல் அவனுக்கு இருந்த நம்பிக்கை அப்படி.

பிறகு தாள்களை மெல்ல அடுக்கினான்.

“அப்ப நெசமா எவ்வளவு அத்தான்?”

“மூணு.”

“மூணுன்னா சரி. மூணுக்கு நான் நிம்மதியாத் தூங்கிடுவேன். உங்க எட்டு ஒரு மாசமா என்னத் தூங்க விடல.”

தாள்களை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தான் வரவில்லை என்று போனில் சொன்னான். பிறகு வாசற்படியில் நின்று கேட்டான்: “இன்னிக்கு வண்டிய எடுக்கணுமா?”

“வேணாம். தார்ப்பாய அவுத்துடு.”

தெரு பார்க்க அவன் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நான் சொன்ன அந்த மூன்றிலும் ஒன்று கூடுதல் என்பதைச் சொல்லிவிட வாயெடுத்தேன். அதற்குமேல் துணிவு வரவில்லை.