லாச்சிக்குள் கிடைத்த இடம்

வேலியோரம் பாயை விரித்துப்போட்டு, இரும்புப் பெட்டியின் இழுப்பறை லாச்சிகளை ஒவ்வொன்றாக உருவிக் கவிழ்த்தான் மசூர். ஸ்பேனரும் சொக்கட்டும் குறடும் அரமுமாகப் பாய் நிறைந்தது. டிராக்டர் மெக்கானிக்குக்குச் சாமான் இல்லாவிட்டால் கையில்லாத மாதிரி. ஆனால் அவனுக்கு இன்றைக்குச் சாமான் கூடிப்போனதுதான் வில்லங்கம். ஐந்து லாச்சி இரும்புப் பெட்டியில் அடங்காமல், ஒரு மரப்பெட்டியிலும் முட்ட முட்டக் கிடந்தது.

சூறாவளி அவனுடைய கராஜ் கொட்டிலைப் பிய்த்துக்கொண்டு போன நாளிலிருந்து, கூப்பிட்ட வாசலுக்குப் போய்ப் பழுது பார்ப்பதுதான் பிழைப்பு. இந்தப் போக அறுவடைக்கு பெரிய வயல்காரரான அச்சிமுகம்மது போடியார் அவனை வரச் சொல்லியிருந்தார். சாகாமத்து வயலில் அவருடைய டிராக்டர்கள் கதிர் மிதித்துச் சூடடித்து முடியும்வரை வாடிக் குடிசையிலேயே தங்கிப் பழுது பார்க்க வேண்டும். கூலி நெல்லாகக் கிடைக்கும். அந்த நெல் வந்தால் கொட்டிலுக்கு மறுபடி கூரை ஏறும். வேறு வழி எதுவும் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

போடியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். “டிரெய்லர்ல அரிசி, சட்டி பானை, சாக்கு எல்லாம் ஏறணும். ஒரு பெட்டியோட வந்தா வா. ரெண்டெண்டா நான் வீரமுனை மெக்கானிக் குணத்தக் கூட்டிட்டுப் போறன்.”

பகல் லுஹர் தொழுகை முடிந்ததும் டிராக்டர் வந்துவிடும். மசூர் லாச்சிகளுக்குள் இருந்த தடித்த பலகைத் தடுப்புகளைத் தட்டிக் கழற்றினான். பால்மா டின்னை வெட்டி மெல்லிய தகட்டுத் தடுப்பு வைத்தான். கொஞ்சம் இடம் வந்தது. யானைப் பசிக்குச் சோளப்பொரி! மரப்பெட்டி பாதிகூடக் குறையவில்லை.

தறிக் குழிக்குள் காலை விட்டபடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள் அவன் மனைவி கைருன்னிஸா.

“என்ன மச்சான், பெட்டியோட மல்லுக்கட்டா?”

“உன்ட தறிய நீ பாரு கா. எனக்கு விசர் வருது.”

அவள் கேட்டால்தானே! எழுந்து வந்து, பாயில் கிடந்த ஒரு பொட்டலத்தைத் தூக்கினாள். சாறன் துண்டால் சுற்றி, அதற்குமேல் இன்னொரு சுற்றுச் சுற்றி, நூலால் கட்டியிருந்தது. அவிழ்த்தாள். உள்ளே ஒரு ஸ்பேனர் எலும்பும் தோலுமாகக் கிடந்தது.

“யா அல்லாஹ், மையத்துக்குக் கபன் துணி சுத்தினாப்போல எல்லோ சுத்தி வெச்சிரிக்கீங்க!”

“உப்புக்காத்து கா. சுத்தாட்டித் துரு தின்டுரும்.”

அது பொய்யில்லை. மருதமுனைக் கரையில் இரும்பைச் சும்மா விட்டால் ஒரு மாரி தாங்காது. துணி சுற்றாத மெக்கானிக்கே அந்தப் பக்கம் கிடையாது.

“சரி மச்சான். சாகாமத்துல எங்க கடல் இரிக்கி? குளத்துத் தண்ணியும் உப்பா?”

மசூர் அடுத்த பொட்டலத்தின் நூலை அறுத்தான். இத்தனை வருடம் வயல்பக்கம் போகும்போதெல்லாம் கடற்காற்றையும் கூடவே பொத்திக்கொண்டு போனவன் அவன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

இருவருமாக உட்கார்ந்து அவிழ்த்தார்கள். அவிழ்க்க அவிழ்க்கத் துணி ஒரு பக்கம் மலைபோல் ஏறியது, இரும்பு ஒரு பக்கம் கைப்பிடி அளவாய்ச் சுருங்கியது. லாச்சிக்கு ஒரு எண்ணெய்த் துணியை மட்டும் அடியில் விரித்தான் மசூர்.

“படுக்கப் போடாதீங்க. தறி அச்சுல பல்லு நிக்கிறாப்போல விளிம்புல நிப்பாட்டுங்க,” என்றாள் அவள்.

நிறுத்தினான். ஒரு லாச்சியை அடைத்துக்கொண்டிருந்த ஸ்பேனர்கள் பாதியில் அடங்கின. சொக்கட்டுகளைப் பலகையில் அறைந்த ஆணிகளில் வரிசையாகக் குத்தி நிறுத்தினான். மரப்பெட்டி காலியானது. மேல் லாச்சியில் மிஞ்சிய மூலைக்குள் கைருன்னிஸா தேயிலைப் பொட்டலம் ஒன்றைச் செருகினாள்.

“நீ மெக்கானிக்காப் போயிருக்கணும் புள்ள.”

“போனா உங்களுக்கு ஆரு சோறாக்குற?”

டிராக்டர் வந்து நின்றது. ஓட்டிவந்தவன் ஜவுபர், பக்கத்துச் சக்கர மட்காட்டில் தொப்பியோடு போடியார். ஒரு பெட்டிதான் வாசலில் நின்றது. போடியார் இறங்கி ஒவ்வொரு லாச்சியாக இழுத்துப் பார்த்தார்.

“மாஷா அல்லாஹ்! கெட்டிக்காரன்டாப்பா நீ. குணம் தேவல்ல, நீயே வா.”

மசூருக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. கொட்டிலின் கூரை ஏறிவிட்டது போலவே இருந்தது. ஜவுபரும் அவனுமாகப் பெட்டியைத் தூக்கி டிரெய்லர் மூலையில் வைத்தார்கள். அதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் காலை மடக்கி உட்காரலாம். மசூர் ஏறக் காலை வைத்தான்.

“நில்லு நில்லு,” என்றார் போடியார். “அதுல எடம் கெடக்கே. ஜவுபர், பின்னுக்கு நிக்கிற அரிசி மூடைய அதுக்க தள்ளு.”

“போடியார், அது நான் இருக்கிற எடம்.”

போடியார் அவன் தோளில் தட்டிச் சிரித்தார். “ரெண்டு பெட்டிய ஒண்டுக்க அடக்கினவனுக்கு, தன்ன அடக்கத் தெரியாதா?”

ஜவுபரும் சிரித்தான். மசூரும் சிரிக்கத்தான் செய்தான். மூடை மூலையில் இறங்கி நன்றாகச் சாய்ந்துகொண்டது. கைருன்னிஸாவுக்குக் கோபத்தில் முகம் சிவந்தது. மசூர் கண்ணாலேயே அவளை அமர்த்தினான்.

“வரக்குள்ள நெல்லு மூடைக்கு மேல குந்தி வருவன், பாரு கா!” என்று வண்டி உருண்டதும் கத்தினான்.

“பத்திரம் மச்சான், பிஸ்மி சொல்லிப் புடிங்க!”

கல்முனைச் சந்தியில் வண்டி வளைந்தபோது மூடைகளும் பெட்டியும் தார்ப்பாயின் நிழலில் அசையாமல் இருந்தன. பின்பலகையின் விளிம்பில் பாதி உடம்போடு குந்தியிருந்த மசூர், கயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தார் ரோட்டில் உரசாமல் கால்களைத் தூக்கி வைத்திருந்தான்.