ஷஹ்மாவின் நாட்களில் மேடேறிய தண்ணீர்

"மேலுக்கு ஏறுற தண்ணியில ஒளு எடுக்கேலுமா மகள்?" என்று மேட்டு வீட்டு றமீஸா கேட்டபோது, ஷஹ்மா கல்யாணமாகி, கண்டிக்குப் பக்கத்து அம்பிட்டியவுக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகவில்லை. கேள்வியில் பிழை இல்லை. ஷஹ்மாவுக்கு மாதவிடாய் வரும் நாட்களில், வீட்டுக்குப் பின்னால் ஊற்றிலிருந்து வடிகால் கான் வழியே ரோட்டுக்கு இறங்கும் தண்ணீர் திரும்பிக்கொண்டு மேட்டில் ஏறும். படிக்கட்டு ஓரமாக றமீஸாவின் வாசலைத் தொட்டு, அதற்கும் மேலே ஓய்வுபெற்ற முனிசிபல் கிளார்க் செல்லப்பாவின் முற்றம் வரை போகும். அவளுக்கு நின்றதும் ஒன்றும் நடவாததுபோல் இறங்கி வரும். தொழுகைக்கு முன் அதில் கைகால் கழுவலாமா என்று ஷஹ்மாவுக்குத் தெரியவில்லை. அவள் மாமியார் சகீனாவிடம் கேட்டாள், சகீனா பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டார். நிறமும் ருசியும் மணமும் மாறாத தண்ணீர் எந்தப் பக்கம் ஓடினாலும் சுத்தமானதுதான் என்று லெப்பை சொன்னார். அது ஏன் ஏறுகிறது என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அந்த நாட்களில் ஷஹ்மா ஏன் குசினிச் சீமெந்துத் தரையில் சுருண்டு கிடக்கிறாள் என்றும் யாரும் கேட்கவில்லை.

மேட்டுக்குக் குழாய்த் தண்ணீர் ஒழுங்காக ஏறுவதில்லை. ஆகவே இரண்டு வருடத்துக்குள் அங்கே இந்தத் தண்ணீர் பழகிவிட்டது. செல்லப்பாவின் மனைவி அன்னலட்சுமி கீரைப் பாத்தி போட்டார். றமீஸா சீமெந்துத் தொட்டி கட்டினார். வீடுகளை வாடகைக்கு விடுபவர்கள் 'தண்ணீர் வசதி உண்டு' என்று போர்டு எழுதி, வாடகையைக் கூட்டினார்கள். நாடு முழுக்க மின்சாரம் வெட்டி, மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற வருடத்தில், கண்டி டவுனிலேயே மோட்டார்கள் செத்துக் கிடக்க, அம்பிட்டிய மேட்டில் மட்டும் துவைத்த துணி காய்ந்தது. "இந்த மாசம் எப்ப மகள்?" என்று காஸ் விலை கேட்கும் குரலில் கேட்பார்கள். கூச்ச சுபாவமுள்ள ஷஹ்மா தலை குனிந்துகொண்டு தேதியைச் சொல்வாள். ஒருமுறை றமீஸா அவள் கையைப் பிடித்து, "ஒங்கட நோவுலதான் எங்கட வீட்டுல சோறு வேவுது" என்று நன்றியோடு சொல்லி, ஒரு சட்டி வட்டிலப்பமும் கொடுத்துவிட்டுப் போனார்.

கணவன் ருஷ்திக்கு டவுனில் பைப் சாமான் கடை. தண்ணீரை நிறுத்தினால் நோவும் நிற்கும் என்று எண்ணி, கடையிலிருந்த ஆக விலைகூடிய ஒருவழி வால்வைக் கொண்டுவந்து, கானைப் பைப்புக்குள் திருப்பிப் பூட்டினான். தண்ணீர் மத்தியானம் வரை மரியாதையாகக் காத்திருந்துவிட்டு, மதில் வழியாக ஏறிப் போனது. டாக்டர்கள் காஸ்ட்ரிக் என்றார்கள். பிறகு, பிள்ளை பெற்றால் சரியாகும் என்றார்கள். ஒருவர் குடல்வாலை எடுத்தார்; மறுமாதமே தண்ணீர் வழக்கமான நேரத்துக்கு ஏறியது. இப்படி எட்டு வருடம் போனது, பிள்ளையும் வரவில்லை.

டாக்டர் தர்ஷனாதான் தண்ணீரைப் பற்றி ஒன்றும் கேட்காமல், எங்கே நோகிறது, எப்படி நோகிறது என்று கேட்டவர். வயிற்றுக்குள் கமெரா விட்டுப் பார்த்த பிறகு இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். கீழே இறங்க வேண்டிய உதிரத்தில் கொஞ்சம் இரண்டு கருக்குழாய்கள் வழியாகவும் பின்னோக்கி ஏறி வயிற்றுக்குள் சிந்துகிறது. அநேகப் பெண்களுக்கு அப்படிச் சிந்தினாலும் தானாகப் போய்விடும். சிலருக்கு மட்டும், சிந்தியது அங்கேயே குடியேறி, மாதாமாதம் தானும் கசிந்து, உள்ளுறுப்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். ஏன் சிலருக்கு மட்டும் என்று இன்னும் சரியாகத் தெரியாது. ஷஹ்மாவின் குழாய்கள் இரண்டும் வடுப்பட்டுக் கோணியிருந்தன. படிந்ததைச் சுரண்டி, குழாய்களையும் எடுத்துவிட்டால் அந்த வழியாகச் சிந்துவது நிற்கும். நோவு முழுக்கப் போகும் என்று சத்தியம் பண்ண மாட்டேன் என்றார். கருப்பையும் சூலகங்களும் இருக்கும்; பிள்ளை வேண்டுமென்றால் ஆய்வுகூடத்தில் கருக்கட்டிப் பார்க்கலாம்.

"அந்தக் குழாய்ல வால்வ் ஒன்டும் இல்லியா டொக்டர்?" என்று ருஷ்தி கேட்டான்.

இல்லை என்றார். வால்வ் விற்றே சாப்பிட்டவன், அப்படியென்றால் லைனைக் கழற்றத்தான் வேண்டும் என்றான். கழற்றுவதும் விடுவதும் தன்னுடைய முடிவு என்று ஷஹ்மா சொன்னாள். அந்த அறையில் அவள் சத்தமாகச் சொன்ன முதல் வார்த்தைகள் அவை.

சகீனா சம்மதிக்கவில்லை. "குழாய வெட்டினா புள்ள எந்த வழியால வார?" என்று கேட்டார்.

"வாரதா ஈந்தா இந்த எட்டு வருஷத்துல வந்தீக்கும் மாமி. அந்த வழியால வந்தது நோவு மட்டுந்தான்."

தன்னால் தடுக்க முடியாததை ஊராவது தடுக்கும் என்று, சகீனா மேட்டுக்கு ஏறி வீடு வீடாகச் சொல்லிவிட்டு வந்தார். அது மழை பொய்த்த மாசி மாதம். ஆஸ்பத்திரிக்குப் போகும் காலையில், மேடே இறங்கி வந்து ஷஹ்மாவின் ஹோலில் உட்கார்ந்தது. இடம் போதாதவர்கள் படிக்கட்டில் வாளிகளோடு நின்றார்கள். சகீனா தேத்தண்ணி கொடுத்தார். ஆப்பரேஷன் கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

"ரெண்டு மாசம் தள்ளிப் போட்டா என்னம்மா, மழ வந்துறட்டும்" என்றார் செல்லப்பா. "கவர்மெண்டு குடுக்காத தண்ணிய நீங்க குடுத்தீங்க. உங்களுக்கு நாங்க ஒரு செலயே வைக்கணும்."

"செல வேணாம் அங்கிள். நான் மோட்டர் இல்ல" என்றாள் ஷஹ்மா. "மாசாமாசம் நான் சீமெந்துல உருள்ற. நீங்க வாளி வெக்கிற. முனிசிபல்ல முப்பது வருஷம் ஈந்த நீங்க, இந்த மேட்டுக்குத் தண்ணி கேட்டு ஒரு கடிதம் எழுதினீங்களா?"

அடுத்த வருடம் செல்லப்பா அந்தக் கடிதத்தை எழுதினார், மேட்டுக்கு மோட்டாரும் வந்தது. ஆப்பரேஷனுக்குப் பிறகு ஷஹ்மாவுக்கு நோவு முக்கால்வாசி போய்க் கால்வாசி மிஞ்சியது. ஊற்றுத் தண்ணீர் இப்போது எல்லா மாதமும் இறங்கித்தான் ஓடுகிறது. அன்னலட்சுமி பாத்தியில் கீரையை விட்டுவிட்டு மரவள்ளி நட்டிருக்கிறார். பிள்ளை விஷயத்தில் ஷஹ்மா இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. கேட்பவர்களுக்கும் அதையேதான் சொல்கிறாள். ஆனால் அம்பிட்டியவில் இன்றும் பேசுவது அந்தக் காலையைத்தான்.

அவள் எழும்பி உடுப்புப் பையை எடுத்தபோது, நாளில்லாத நாளில் நோவு வந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே கானில் தண்ணீர் திரும்பி மேலே ஏறத் தொடங்கியது. படிக்கட்டில் நின்றவர்களில் ஒருவருக்கும் அது அதிசயமில்லை. கை பழகிய வேகத்தில் குனிந்து வாளிகளை நிரப்பினார்கள். ரோட்டில் ருஷ்தி வேனை ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தான். வாசலில் நின்ற சகீனா விடைபெறும் சலாமுக்காகக் காத்திருந்தார். ஷஹ்மா ஒரு கையால் அடிவயிற்றை அழுத்திக்கொண்டு, மறுகையில் பையோடு, ஏறும் தண்ணீருக்கு எதிராக ஒவ்வொரு படியாக இறங்கினாள். றமீஸா தன் வாளியை நகர்த்தி வழிவிட்டார். ஷஹ்மா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, யாருக்கும் சலாம் சொல்லாமல் போய் வேனில் ஏறினாள்.