கொசுறாக வந்த கத்தி

முதலில் கிடைத்த சுத்தியலைக் கறாரக்கா எடுக்கவில்லை. டிவி திரையில் அது மேசை மேல் பளபளவென்று கிடந்தது. எடு எடு என்று ஒரு வெள்ளை வட்டம் வேறு அதன் மேல் மினுக்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு நேரே எடுத்து வைக்கிற சரக்கு, எப்படியாவது தள்ளிவிட வேண்டிய சரக்கு. இருபத்தைந்து வருடம் இரும்புக் கடை நடத்தியவளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"கைப்பிடி பிளந்திருக்கு பாரு," என்றாள்.

"அண்ணி, இது கேம். இதுல கைப்பிடியெல்லாம் பிளக்காது," என்றான் கொழுந்தன்.

"வரைஞ்சவன் பிளந்த மாதிரிதானே வரைஞ்சிருக்கான்? அவனுக்குத் தெரிஞ்சது உனக்குத் தெரியல."

கொழுந்தன் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் மாட்டிக்கொண்ட லிஃப்டுக்குள் இறங்கி ஆளை மீட்டு வருபவன். ஆனால் அண்ணியிடம் வாய் கொடுத்து மீண்டதாக இதுவரை சரித்திரம் இல்லை. அவள் கையில் இருந்த கன்ட்ரோலரைத் திருப்பிப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தான். தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

கடைத்தெருவுக்கு வாராந்திர விடுமுறை. சாப்பாடு முடிந்த மத்தியானம். திரையில் வெயில் அடிக்காமல் இருக்க ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த சோபா, கறாரக்காவின் கணவர் வாங்கியது. அவர் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்ப்பவர். கடைத்தெருவே அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடும். சோபா விற்றவன் வாய்க்கு வந்த விலையைச் சொல்லிவிட்டு, இவர் எவ்வளவு குறைப்பாரோ என்று காத்திருந்தானாம். இவர் அவன் முகத்தைப் பரிதாபமாகப் பார்த்து, "அவ்வளவு போதுமா உங்களுக்கு?" என்று கேட்டாராம். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லியே கடைத்தெரு பத்து வருடம் பொழுதை ஓட்டியது.

கறாரக்கா என்று அதே கடைத்தெருவில் பெயர் வாங்கியவளோ பாதி விலையில் தொடங்குவாள். படியாவிட்டால் திரும்பிப் பார்க்காமல் நடப்பாள். மூன்றாவது அடியில் கூப்பிடுவார்கள். வாங்கிய பிறகும் கொசுறு வாங்காமல் எந்தக் கடைப் படியையும் இறங்கியதில்லை. பல் பிடுங்கப் போன இடத்தில்கூட ஒரு பிரஷ்ஷோடுதான் வெளியே வந்தாள்.

மூன்று மாதத்துக்கு முன்னால் இப்படியொரு விடுமுறை மத்தியானத்தில்தான் கண்ணாடிக்காரர் இதே சோபாவில் சாய்ந்தபடி போய்விட்டார். மாரடைப்பு. கையில் கன்ட்ரோலர். மூக்கில் கண்ணாடி. இடது காது பக்கத்துக் கம்பி உடைந்து, செம்புக் கம்பியால் அவரே சுற்றிக் கட்டிய கண்ணாடி. ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டவருக்குத் தன்னுடையதை மாற்ற நேரமில்லை. அதைக் கழற்ற அவளுக்கு மனசு வரவில்லை. அது இல்லாவிட்டால் சுவர் எது, வாசல் எது என்று தெரியாத மனிதர். அதைப் போட்டபடியே அனுப்பி வைத்தார்கள்.

அன்று அவர் ஆடிக்கொண்டிருந்தது இந்த ஆட்டம். இரண்டு பேர் ஆட வேண்டியது. மூடிக்கிடக்கும் பெரிய கடை ஒன்று, மூன்று மாடி, கீழே ஒரு நிலவறை. முதல் ஆள் மேலிருந்து இறங்கி நிலவறை வரைக்கும் போய் நிற்க வேண்டும். இரண்டாவது ஆள் பின்னால் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு வெளியேற வேண்டும். மாடிக்கு ஒரு இரும்பு அலமாரி. முதல் ஆள் அதில் விட்டுப்போவதுதான் பின்னால் வருபவருக்கு. "ஒரு நாள் நீயும் உட்காரேன்," என்று அவர் கேட்டபோதெல்லாம், கடையில் சரக்கு எண்ணி முடியட்டும் என்று தட்டிக் கழித்தாள். அவர் தன் பாதியை முடித்துவிட்டு அவளுக்காகக் காத்திருந்தார். இன்னும் காத்திருக்கிறார். நிலவறையில், சுவரைப் பார்த்தபடி, இருட்டில்.

இதைக் கொழுந்தன் போன வாரம் வாய் தவறிச் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கம் இல்லை.

"கூட்டிட்டு வந்துடறேன்," என்றாள். "அவ்வளவுதான் எனக்கு வேணும்."

"கேட்டுக்கங்க அண்ணி. பையில ஆறு சாமான்தான் கொள்ளும். கடைசிக் கதவு திறக்கணும்னா ரெண்டு பேர் கையிலயும் ஆளுக்கொரு ஆயுதம் இருக்கணும். நடுவுல நீங்க செத்தீங்கன்னா, அண்ணன் ஆடினதும் சேர்ந்து அழிஞ்சிடும். திரும்ப வராது."

சொல்லிவிட்டு, எங்கோ ஒரு லிஃப்ட் நின்றுவிட்டதாக அழைப்பு வர, கிளம்பிப் போனான்.

மூன்றாவது மாடி வீட்டுச் சாமான் பகுதி. அங்கே இருந்த அலமாரியைத் திறந்ததும் அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. கத்தி, ரம்பம், கடப்பாரை. நல்லதையெல்லாம் அவளுக்கு விட்டுவிட்டு மனிதர் ஒரு டார்ச்சை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அங்கேயும் ஏமாளிதான். டார்ச், கட்டுத்துணி, மருந்துப் புட்டி என்று அவள் பையில் ஏற்கனவே மூன்று இருந்தன. இந்த மூன்றையும் போட்டதும் பை நிறைந்தது.

அப்போது கீழ்மாடியிலிருந்து காலடி கேட்டது. இரண்டு அடி, ஒரு நிறுத்தம். இரண்டு அடி, ஒரு நிறுத்தம். முதல் ஆள் நடந்தது பதிவாகி, பின்னால் வருபவருக்கு ஒரு மாடி தள்ளிக் கேட்கும் என்று கொழுந்தன் சொல்லியிருந்தான். அவர்தான். தெருவிலும் அப்படித்தான் நடப்பார். இரண்டு அடிக்கு ஒரு தரம் நின்று, இவள் வருகிறாளா என்று திரும்பிப் பார்ப்பார்.

இருட்டில் அந்தக் கடையின் பழைய வாடிக்கையாளர்கள் உலவினார்கள். வீட்டுக்குப் போகாமலே தங்கிவிட்டவர்கள். சத்தமில்லாமல் வந்து, மூச்சுப் படும் தூரத்தில் நின்று, கையைத் தடவிப் பார்ப்பார்கள். விட்டால் கழுத்துக்கு வருவார்கள். தள்ளுபடி நாள் கூட்டத்தைப் பார்த்தவள் இதற்கா மிரளுவாள்? கடப்பாரையால் இரண்டு போட்டாள்.

இரண்டாவது மாடி வேட்டை, விளையாட்டுச் சாமான் பகுதி. கண்ணாடிப் பெட்டிகளெல்லாம் காலி. அவள் நேரே கல்லாவுக்குப் போய், இழுப்பறையை முழுக்க வெளியே இழுத்து, அது இருந்த பொந்துக்குள் டார்ச் அடித்தாள். எந்த முதலாளியும் உயர்ந்த சரக்கைக் கைக்கு எட்டும் இடத்தில்தான் ஒளித்து வைப்பான். வேட்டைத் துப்பாக்கி ஒன்று, மூன்று தோட்டாவோடு இருந்தது. கண்ணாடிக்காரர் இதன் மேலேயே கையூன்றி நின்றுவிட்டுப் போயிருப்பார்.

பையில் இடமில்லை. கத்தியை அலமாரியில் வைத்துவிட்டுத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டாள். படி வரைக்கும் போனவளுக்கு மனசு கேட்கவில்லை. நல்ல கத்தி. அதற்குப் பதில் மருந்தை விட்டிருக்கலாம். திரும்பி வந்து அலமாரியைத் திறந்தாள்.

கத்தி இல்லை. அது கிடந்த இடத்தில் இரண்டு தோட்டா இருந்தது.

தோட்டாவை எடுத்துக்கொண்டு கொழுந்தனுக்குப் போன் போட்டாள். முன்னால் போன ஆள் திரும்பி வந்து எடுக்க முடியுமா என்று கேட்டாள். முடியாது என்றான். பதிவு என்பது போட்டோ மாதிரி, போட்டோ கை நீட்டி எதையும் எடுக்காது, நீங்களே ஞாபக மறதியாக எடுத்திருப்பீர்கள் என்றான். கடையில் மூன்று வருடமாக விற்காத கீல் எந்த அட்டைப்பெட்டியின் அடியில் கிடக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவளிடம் ஞாபக மறதி என்றான். அவள் போனை வைத்துவிட்டாள்.

அவர்தான். வேறு யார் இருக்கிறார்கள் அங்கே? வெறும் கையோடு நிற்கப் பயந்து, கத்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.

முதல் மாடியில் துணிப் பகுதி. அங்கே அவளே வலியப் போய்க் கடப்பாரையை அலமாரியில் வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தாள். கடப்பாரை அப்படியே இருந்தது. பக்கத்தில் இரண்டு தோட்டா. கைப்பழக்கம் யாரை விட்டது? அவள் எதையும் தொடாமல் கதவைச் சாத்திவிட்டு நடந்தாள். மறுபடி வந்தபோது மூன்று. சாத்தினாள். நான்கு. சாத்தினாள். ஐந்தாவது வந்ததும் எடுத்துக்கொண்டாள். அடுத்த சுற்றில் கடப்பாரை போயிருந்தது. ரம்பத்தையும் அப்படியே வைத்து, நான்குக்குப் படிய வைத்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக அவள் முகத்தில் ரத்தம் ஓடியது. அவர் இருந்தபோது ஒரு நாள்கூட அவரோடு இப்படிப் பேசியதில்லை என்று தோன்றியது.

மறுபடி கொழுந்தனுக்குப் போன் போட்டு, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். பக்கத்தில் இரும்புச் சங்கிலி ஓடும் சத்தத்துக்கு நடுவே அவன் சிரித்தான்.

"அண்ணன் பேரம் பேசினாரா? நம்ம அண்ணனா?"

அவன் கேலியாகத்தான் கேட்டான். அவளுக்கு அது கேலியாகப் படவில்லை. போனை மெல்ல வைத்தாள்.

கண்ணாடிக்காரராக இருந்தால் கத்தியைத் தொடுவதற்கு முன்னாலேயே கையில் உள்ள தோட்டாவையெல்லாம் கொட்டிவிட்டு, போதுமா என்று கேட்டிருப்பார். ஒன்று ஒன்றாக ஏற்றி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்துகிற கை அவருடையது இல்லை. அது தொழில் தெரிந்த கை.

டிவியின் சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டாள். கீழே இரண்டு அடி, ஒரு நிறுத்தம். அந்த நிறுத்தத்தில், அவர் காலடி ஓய்ந்த அந்த இடைவெளியில், மெதுவாக இன்னொரு அடி. அவருக்கும் அவளுக்கும் நடுவில். இத்தனை மாடியும் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தது அவளையல்ல.

கேம் மெஷினை நிறுத்திவிடலாம். நிறுத்தினால் அவர் அந்த இருட்டிலேயே, அதனோடு, நின்றுகொண்டிருப்பார். துப்பாக்கியை நீட்டிப் பிடித்தபடி நிலவறைக்கு இறங்கினாள்.

கோடியில், ஈரச் சுவரைப் பார்த்தபடி, ஓர் உருவம். முதுகுதான் தெரிந்தது. ஆட்டத்துக்குள்ளும் காதோரம் கண்ணாடிக் கம்பி. தன் உருவத்துக்குக் கண்ணாடி மாட்டிவிட அவர் மறக்கவில்லை. கிட்டே போனதும், அவருக்கு எந்த ஆயுதத்தைத் தருகிறாய் என்று திரை கேட்டது. பையைத் திறந்தாள். ஆயுதம் என்று இருந்தது துப்பாக்கி. அவ்வளவுதான்.

அங்கேதான் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். தோட்டா பதினான்கு சேர்த்திருந்தாள். ஆனால் கத்தியும் ரம்பமும் கடப்பாரையும் ஒவ்வொன்றாகக் கைமாறி, இரண்டு பேருக்கு மிஞ்சியது ஒரே துப்பாக்கி. கடைத்தெருவில் அவளுக்கு இப்படி ஒருத்தனைத் தெரியும். மழைக்காலத்துக்கு முன்னால் சிரித்துச் சிரித்து நல்ல விலை கொடுத்து, ஊரில் உள்ள தார்ப்பாயையெல்லாம் வாங்கி உள்ளே தள்ளிவிடுவான். முதல் தூறல் விழுந்த அன்று அவன் வைத்ததுதான் விலை. அவனைக்கூட ஒரு தடவை மடக்கியவள், இன்று ஐந்துக்கும் நான்குக்கும் குளிர்ந்துபோய்க் குனிந்துவிட்டாள்.

பக்கத்தில் கடைசி அலமாரி. திறந்தாள். எல்லாம் அதற்குள் இருந்தது. கத்தி, கடப்பாரை, ரம்பம், மேலே அவள் எடுக்காமல் விட்ட பிளந்த கைப்பிடிச் சுத்தியல் உட்பட. அடுக்கி, துடைத்து, கடை பரப்பியது போல.

"என்ன வேணும் உனக்கு?" என்று டிவியைப் பார்த்துக் கேட்டாள்.

திரையில் எதுவும் அசையவில்லை. எடுக்கக் கை பரபரத்தது. ஆனால் விலை பேசாமல் சரக்கில் கை வைத்தால், வைத்த பிறகு அவன் சொல்வதுதான் விலை. அவளுக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான். கன்ட்ரோலரைச் சோபாவில் வைத்துவிட்டு எழுந்தாள். திரும்பிப் பார்க்காமல் சமையலறையை நோக்கி நடந்தாள். ஒன்று. இரண்டு. மூன்று. ஒரு தம்ளர் தண்ணீரை நிதானமாகக் குடித்தாள். முன்னறை டிவியில் அலமாரியின் இரும்புக் கதவு கிறீச்சிட்டது. இன்னொரு வாய் குடித்தாள். மறுபடி கிறீச்சிட்டது.

வந்து பார்த்தபோது அலமாரி துடைத்துவிட்டாற்போல் காலி. வெளியே, தரையில், அவள் காலடியில், ஒரு கத்தி. பிடி அவள் பக்கம் பார்த்துக் கிடந்தது.

கொசுறு.

"அப்படி வா வழிக்கு," என்றாள் கறாரக்கா. எந்த முரட்டு வியாபாரியும் கடைசியில் இறங்கி வந்துதான் ஆக வேண்டும். கொசுறுக்கு ஏது விலை? எடுத்துக்கொண்டாள். துப்பாக்கியைக் கண்ணாடிக்காரரிடம் கொடுத்தாள். சுவரைப் பார்த்து நின்றவர் திரும்பினார். இருவரும் நடந்தார்கள். கதவு திறந்து, திரை முழுக்கப் பகல் வெளிச்சம் பரவியது. அவள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டபோது திரையில் எழுத்து வந்தது.

வெளியேறியவர்கள்: 3.

கொழுந்தனிடம் போனில் கேட்டாள். ரெண்டு என்றுதான் வரும் அண்ணி, அந்த ஆட்டத்தில் மூன்று என்று ஒன்று கிடையவே கிடையாது என்றான். வேலையை முடித்துவிட்டு வருகிறேன் என்றான். அவள் மெஷினின் பிளக்கைப் பிடுங்கி, வயரைச் சுற்றி வைத்தாள். ஜன்னல் திரையை விலக்கினாள். மணி நாலு. தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். கைக்கு ஏதாவது வேலை வேண்டும் போலிருந்தது. பழம் நறுக்கலாம் என்று சமையலறைக்குப் போய் இழுப்பறையைத் திறந்தாள்.

கத்தி இல்லை. அது கிடக்கிற இடத்தில், கரண்டிகளுக்குப் பக்கத்தில், ஒரு மூக்குக்கண்ணாடி இருந்தது. இடது கம்பியில் செம்பு சுற்றியிருந்தது. வில்லையில் இன்னும் மூச்சின் ஆவி படிந்திருந்தது.

கையை நீட்டினாள். விரல் தொடுவதற்கு ஒரு நூல் இடைவெளி இருக்கும்போது நிறுத்திக்கொண்டாள். ஒரு கத்திக்கு ஒரு கண்ணாடி. கண்ணாடி வரும் என்றால், அதைப் போட்டிருந்த ஆளும் அதன் வசம்தான் இருக்க வேண்டும். அவரை மீட்கும் விலைக்கு அவள் வீட்டில் இன்னும் அரிவாள் இருக்கிறது, கோடரி இருக்கிறது, பூட்டிய கடைக்குள் சுவர் சுவராக இரும்பு இருக்கிறது.

இழுப்பறையை மெல்லச் சாத்தினாள். முன்னறைப் பக்கமாக இரண்டு அடி வைத்து நின்றாள். அந்த நிறுத்தத்தில், அவளுக்குப் பின்னால், இன்னொரு அடி கேட்டது.

அவள் திரும்பவில்லை. முதல் தடவை கூப்பிட்டதுமே திரும்பினால் விலை ஏறிவிடும்.