கட் பண்ணுகிற ஊர்

ஊரில் ஒருவர்கூட என் குரலைக் கேட்பதில்லை. ஓர் ஆராய்ச்சிக்காரிக்கு இதைவிட அவமானம் உண்டா?

அன்னவாசலுக்குத் தெற்கே அந்த ஊரில் குடிநீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வேலைவெட்டியை விட்டுவிட்டுக் குழாயடியில் காத்துக் கிடப்பார்கள். அதற்காகத்தான் நான் இந்த அழைப்பு ஏற்பாட்டைச் செய்தேன். தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர் ஆண்டியப்பன் தன் போனில் ஒன்றை அமுக்கினால், "தண்ணீர் திறந்தாயிற்று" என்று நான் பேசிப் பதிந்த குரல் எல்லா வீட்டுக்கும் போகும். இரண்டை அமுக்கினால், "தண்ணீர் கெட்டிருக்கிறது, குடிக்காதீர்கள்" என்று போகும். அந்த இரண்டுக்கு இதுவரை வேலையே வந்ததில்லை.

ஆனால் போன் அடித்த மாத்திரத்தில் ஊரே கட் பண்ணியது. ஒரு வீடு விடாமல்! "யாருக்கும் வேண்டாததுக்கு எதுக்கும்மா இவ்வளவு பாடு? மூட்டை கட்டு" என்றார் என் பேராசிரியர். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சரி, வேண்டாம் என்றால் எங்கள் நம்பரையே பிளாக் பண்ணியிருக்கலாமே. ஒருவரும் பண்ணவில்லை. அது ஏன்? தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும்போல இருந்தது. பஸ் ஏறிவிட்டேன்.

நேரே கலைமதி வீட்டுக்குப் போனேன். வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். எங்கள் சோதனைக்கு முதலில் நம்பர் கொடுத்தவளும் அவள்தான்.

"வாங்க மேடம், ஃபேனுக்குக் கீழ ஒக்காருங்க" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, போன் அடித்தது. எங்கள் நம்பர். பார்த்தாள், கட் பண்ணினாள், குடத்தைத் தூக்கிக்கொண்டு தெருக்குழாய்க்கு ஓடினாள். என் கண்ணெதிரிலேயே!

திரும்பி வந்ததும் குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு நீட்டினாள். "குடிங்க மேடம், இப்பத்தான் புடிச்சது. வெயில்ல வந்திருக்கீங்க."

வாங்கிக்கொண்டேன். தாகத்தைவிடக் கோபம் முந்திக்கொண்டது. "முதல்ல இதச் சொல்லுங்க. நான் பேசுறத ஏன் யாருமே கேக்க மாட்டேங்குறீங்க? என் குரல் அவ்வளவு கண்றாவியாவா இருக்கு?"

அவள் சிரித்துவிட்டாள். "ஐயய்யே! ஒங்க நம்பரு வந்தாலே தண்ணி வந்துருச்சுன்னு தெரிஞ்சு போகுதுல்ல, அப்பறம் எதுக்கு எடுக்கணும்? எங்க வீட்டுக்காரரு பஸ் ஏறுனதும் ஒரு ரிங் விடுவாரு, நான் கட் பண்ணுவேன். கட் பண்ணுனா, சரி, தெரிஞ்சுக்கிட்டேன்னு அர்த்தம்."

அடடா! ஊர் என்னை ஒதுக்கவில்லை, ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லியிருக்கிறது. பேராசிரியரே மூட்டை கட்டட்டும். சந்தோஷத்தில் சொம்பை வாய்வரை தூக்கிவிட்டேன். அப்போது என் போன் அடித்தது. ஆண்டியப்பன்.

"பரிமளா மேடம், தண்ணியத் தொறந்துவிட்ட பெறகுதான் பாத்தேன், குழாய் ஒடைஞ்சு சாக்கடை கலந்துருச்சு. வால்வ அடைச்சுட்டு, ஒன்னுக்குப் பதிலா ரெண்ட அமுக்கிட்டேன். எல்லாருக்கும் போயிருச்சுல்ல?"

போயிருந்தது. எல்லோரும் கட் பண்ணியும் இருந்தார்கள். வெளியே தெருவே குடமும் வாளியுமாக, குழாயில் மிச்சமிருந்த தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"கலைமதி, இது சாக்கடத் தண்ணி! குடிச்சுடாதீங்க!" என்று கத்தினேன். "இந்தத் தெருவுல ஓடிப்போய்ச் சொல்லிடலாம். மத்த தெருவுக்கு? என் போன யாரு எடுப்பா?"

"ஆத்தாடி!" என்று திகைத்தவள், சட்டென்று என் கையைப் பிடித்தாள். "மறுபடி அடிங்க மேடம். கட் பண்ணுன பெறகும் ஒடனே அடிச்சா, நெசமாவே பேசணும்னு அர்த்தம். யாரா இருந்தாலும் எடுத்துருவோம்."

கட் பண்ணியவர்களைத் திரும்பத் தொந்தரவு செய்யக் கூடாது என்று விதி போட்டவளே நான்தான். பெரிய மரியாதைக்காரி! என் போனிலேயே அந்த விதியைத் தூக்கிவிட்டு, எல்லா நம்பருக்கும் மறுபடி அழைப்பு விட்டேன்.

கலைமதியின் போன் அடித்தது. பக்கத்து வீட்டில் அடித்தது. குழாயடியில் நின்றவர்களின் இடுப்பில் அடித்தது. ஒருவரும் கட் பண்ணவில்லை. "தண்ணீர் கெட்டிருக்கிறது, குடிக்காதீர்கள்" என்று என் குரல் வாசலுக்கு வாசல் கேட்டது. "ஏய், தம்ளரக் கீழ வையிடி!" என்று ஒருத்தி தன் வீட்டைப் பார்த்து அலறினாள். அங்கிட்டு ஒரு குடம் கவிழ்ந்தது, இங்கிட்டு ஒரு வாளி. பிடித்த தண்ணீரெல்லாம் தெருவில் ஓடியது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கலைமதி என் கையிலிருந்த சொம்பைப் பிடுங்கி வாசலில் கொட்டினாள். போனைக் காதிலிருந்து எடுக்காமலே என்னைப் பார்த்தாள்.

"கண்றாவியெல்லாம் இல்ல மேடம்" என்றாள். "கொரலு நல்லாத்தான் இருக்கு."