பொட்டு வைக்காத கார்

ஆயுத பூஜை அன்று காலை, ராஜரத்தினத்தின் வீட்டில் சாம்சன் என்பவர் ஒரு காரின் முன்னால் மண்டி போட்டுக் கிடந்தார். சென்னையில் அரிய கார்களுக்கு விலை மதிக்கிறவர். சின்ன விளக்கொன்றைப் பானெட்டில் சாய்த்துப் பிடித்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தார். காரைத் தொடுவதற்கு முன்னால் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த யோகேஸ்வரிக்கு எரிச்சலாக வந்தது. அவளுடைய பிரசவத்துக்குக்கூட இந்த வீட்டில் யாரும் இவ்வளவு பதறவில்லை.

இத்தாலியில் செய்த கார். உலகத்துக்கே நாற்பதுதான் செய்தார்கள், இனிமேல் செய்ய மாட்டார்கள் என்று அவள் புருசன் ராஜரத்தினம் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் மில் வைத்திருப்பவருக்கு அந்த நாற்பதில் ஒன்று எதற்கு என்று கேட்கத்தான் ஆளில்லை. ஓடினால் விலை குறையுமாம், அதனால் ஓட்டுவதில்லை. வெயில் ஆகாது, தூசி ஆகாது என்று ஹாலை ஒட்டிய பெரிய அறையின் சுவரை இடித்து உள்ளே விட்டு, ராத்திரி பகலாக ஏசி போட்டிருந்தார். கத்திரி வெயில் காலத்தில் யோகேஸ்வரி ராத்திரி மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்தாள். கார் குளுகுளுவென்று கிடந்தது.

வாங்கும்போது பணம் போதவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் அப்பா அவள் பேருக்கு எழுதிவைத்த வீட்டை ராஜரத்தினம் அடமானம் வைத்தார். "வெலை ஏறுனதும் வித்து, மொத வேலையா ஒன் வீட்டைத் திருப்புதேன்" என்றார். வட்டி கட்டாமல் விட்டதில், அடுத்த மாதம் வீடு ஏலத்துக்கு வருகிறது. அதனால்தான், பார்த்தாலே பற்றிக்கொண்டு வருகிற அந்தக் காரில் ஒரு கீறல்கூட இருந்துவிடக் கூடாதே என்று அவள் காலையிலிருந்து சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

சாம்சன் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "கம்பெனிப் பெயிண்ட் அப்படியே இருக்கு சார். நம்ம பக்கத்துல இது அபூர்வம். வாங்குன அன்னைக்கே சந்தனம் குங்குமம்னு அப்பிடுறாங்க. இது பளபளப்பு இல்லாத பெயிண்ட். ஈரச் சந்தனம் காஞ்சா கறை இறங்கிடும், துணியால தேச்சா தேச்ச இடம் மட்டும் மினுங்கும். அதுக்குன்னு ஒரு மருந்து என்கிட்ட இருக்கு. அதுவும் காயுறதுக்கு முன்னாடி போட்டாத்தான் கேக்கும்."

"ஒரு பொட்டு வச்சதில்ல. இவளையே கிட்ட அண்ட விட்டதில்ல" என்றார் ராஜரத்தினம்.

"அதுக்குத்தான் சார் இந்த விலை. வாங்குனதைப் போல ரெண்டரை மடங்கு. மும்பை பார்ட்டி இன்னைக்கே முன்பணம் போடத் தயார்."

யோகேஸ்வரிக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. மழைக்கு முன்னால் அந்த வீட்டுக்கு ஓடு மாற்றிவிட வேண்டும் என்றுகூட நினைத்துவிட்டாள்.

"குடுக்கேன்னு யாரு சொன்னா?" ராஜரத்தினம் சிரித்தார். "மதிப்பு என்னன்னு தெரியணும்னுதான் வரச் சொன்னேன். இன்னும் அஞ்சு வருசம் கெடக்கட்டும்."

சாம்சன் மோதிரத்தை மாட்டிக்கொண்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு மதுரைக்குப் போவதாகவும், மனசு மாறினால் போன் போடும்படியும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

"ஏங்க, வீடு?" என்றாள்.

"அந்த ஓட்டு வீட்டுல என்னட்டி இருக்கு? வவ்வாலு தொங்குது. போனாப் போகுது."

"எங்க அப்பா கட்டுனது."

"ஒங்க அப்பா கட்டுனது வருசா வருசம் இடியும். இது வருசா வருசம் ஏறும். குளிச்சிட்டு வாரேன், மில்லுப் பூசைக்குத் தட்டை எடுத்து வையி."

எடுத்து வைத்தாள். சந்தனத்தைத் தண்ணீர் விட்டுத் தளரக் குழைத்தாள். மில்லில் தறிக்கும் லாரிக்கும் தராசுக்கும், மூலையில் கிடக்கிற விளக்குமாற்றுக்கும்கூட வருசம் தவறாமல் பொட்டு வைக்கிற கை அவளுடையது. இந்த ஒன்றுக்குத்தான் வைத்ததில்லை. தட்டோடு கார் அறைக்குள் போனாள். மூன்று விரலால் பானெட்டில் விபூதிப் பட்டை இழுத்தாள். நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். அதோடு நிற்கவில்லை. இரண்டு கதவுகளுக்கும் பின்பக்கத்துக்கும் வைத்தாள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தைக்கூட மறக்கவில்லை. பயமாகவே இல்லை, சந்தோஷமாக இருந்தது.

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு வந்த ராஜரத்தினம் அலறினார். "என்னட்டி பண்ணி வச்சிருக்க? பாவி!"

துண்டை ஓங்கிக்கொண்டு பானெட்டுக்கு ஓடியவர், கை படுவதற்கு முன்னால் நின்றுவிட்டார்.

"தொடைங்க. தேச்ச இடம் மினுங்குமாம்ல."

"ஒன்ன வெட்டிப் போடணும்ட்டி."

"பொறவு வெட்டலாம். இப்ப அந்த சாம்சனக் கூப்புடுங்க. அவியட்டதான மருந்து இருக்கு. இந்நேரம் ஸ்ரீவில்லிபுத்தூர்ல பால்கோவாக் கடையிலதான் நிப்பாவ."

"அவரு வந்து இதப் பாத்தா கறைன்னு ரிப்போர்ட்டுல எழுதிருவாருட்டி! மதிப்பு போயிரும்!"

"காஞ்சா அதவிடப் போயிரும். சும்மா கூப்புட்டா திரும்பி வர மாட்டாவ, மும்பைக்காரனுக்கே குடுத்துருதேன்னு சொல்லிக் கூப்புடுங்க. வீட்டைத் திருப்பினது போக மிச்சம் எம்புட்டுன்னாலும் நீங்களே வச்சிக்கோங்க. இல்லையா, பேசாம நில்லுங்க. காயட்டும்."

அவர் அவளைப் பார்த்தார், பானெட்டைப் பார்த்தார். மடியிலிருந்து போனை எடுத்தார். எண்ணைத் தேடியவர், அழுத்தாமல் அப்படியே நின்றார். மில்லில் பூஜைக்குக் காத்திருக்கிறவர்கள் வெடித்த சரவெடிச் சத்தம் கேட்டது.

யோகேஸ்வரி தட்டைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். இந்தக் குளிரில் அவள் உட்கார்ந்ததே இல்லை. நன்றாகத்தான் இருந்தது. மேலேயிருந்து ஏசிக் காற்று நேராகப் பானெட்டில் விழுந்துகொண்டிருந்தது. சந்தனம் ஓரத்தில் காய்ந்து வெளுக்கத் தொடங்கியது.