பிடித்துத் தைத்த பட்டை

...இன்றைக்கும் அதே இறுக்கம்தான், இம்மியளவுகூடக் குறையவில்லை, இது கால்தானா இல்லை யாரோ இரவல் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்க மறந்த சாமானா என்று நினைத்தபடி அவர் பாயில் வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து இடது முழங்காலை மறுபடியும் உயர்த்தினார். இரண்டு தொடைகளையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது அந்த இளஞ்சிவப்புத் துணிப்பட்டை. குதிகால்கள் ஒட்டியிருக்க வேண்டும், மேல் முழங்கால் மட்டும் சிப்பி வாய் திறக்கிற மாதிரித் திறக்க வேண்டும், பட்டென்று விடக்கூடாது, மெல்ல மூடணும் ஐயா, மூடறப்பதான் தசை வேலை செய்யுது என்பாள் வாரம் ஒருமுறை வரும் பிசியோ பெண். சொல்லுகிறவளுக்கு என்ன, வாய்க்கு வலிக்குமா? மாசக்கணக்காக இதே பட்டை, இதே இழுப்பு, செக்கு மாடு என்றாலும் இதற்குள் எண்ணெயாவது கொடுத்திருக்கும். மத்தியானத்துக்குள் பஸ் டெப்போவுக்குப் பதில் சொல்ல வேண்டும். நேரக்காப்பாளர் நேற்றே போனில் கேட்டுவிட்டார், அண்ணே, தகுதிச் சோதனைக்கு வர்றீங்களா, இல்ல பஸ் ஸ்டாண்டு விசாரணைக் கூண்டுல உட்கார்றீங்களா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க, நான் மேல சொல்லணும்ல. சோதனை என்றால் கிளட்சை நாள் முழுக்க இந்த இடது கால் மிதிக்கும் என்று காட்ட வேண்டும். கூண்டு என்றால் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, அந்த பஸ் எப்போ, இந்த பஸ் எங்கே என்று ஓய்வு பெறும்வரை வாயாலேயே வண்டி ஓட்ட வேண்டும். கூண்டுதான், வேறென்ன... முகத்தைத் துடைத்துக்கொண்டார், வியர்வை என்று வைத்துக்கொள்ளலாம். ஜன்னலோரம் மனைவியின் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது, பள்ளிக்கூட யூனிஃபார்ம்கள், அவர் முனகும்போதெல்லாம் அது ஒரு கணம் நின்று மறுபடி ஓடியது.

டெப்போவில் அவருக்குப் பெயர் நிதானம். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பள நாளில் மட்டும்தான் தேவைப்படும். வளைவில் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர் கையில் உள்ள டீ சிந்தாது, அப்படி ஓட்டுவார், அந்தப் பெருமையும் உள்ளுக்குள் உண்டு. அப்படிப்பட்ட நிதானம், கழுவி நிறுத்தியிருந்த வண்டியிலிருந்து இறங்கும்போது ஈரப்படியில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டால் ஊர் சும்மா இருக்குமா? ஓடாத வண்டியிலேர்ந்து விழுந்த ஒரே டிரைவர் நீங்கதான் அண்ணே என்று ஆஸ்பத்திரிக்கே வந்து சிரித்துவிட்டுப் போனார்கள். சிரித்தவர்கள்தான் ரத்தமும் கொடுத்தார்கள், அது வேறு. உள்ளே தகடு வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பியபின் முதலில் ரப்பர் பட்டை வந்தது, அது நிமிஷத்துக்கு ஒருதரம் சுருண்டு கயிறாகித் தொடை முடியைப் பிடுங்கியது, அதற்கப்புறம்தான் இந்தத் துணிப்பட்டைகள், அகலமானவை, உள்பக்கம் வழுக்காமலிருக்க ரப்பர் கோடுகள் ஓடும், போட்ட இடத்தில் நிற்கும். இளஞ்சிவப்பு லேசு, சாம்பல் நடுத்தரம், கறுப்பு கனம். வீம்புக்கு, அவை வந்த அன்றைக்கே கறுப்பை எடுத்து மாட்டிக்கொண்டார். கால் அரை அங்குலம்கூடத் திறக்கவில்லை, வலியில் கண்ணெல்லாம் இருட்டி, அந்தச் சின்னப் பெண்ணின் முன்னாலேயே ஓவென்று அழுதுவிட்டார்... கழற்றி எறிந்தார், இனி இந்த இளஞ்சிவப்பு ஒன்றுதான், மற்றதைக் கண்ணில் காட்டினால் இதையும் நிறுத்திவிடுவேன் என்று சொன்னார். சொன்னால் சொன்னதுதான், பிடிவாதத்தில் மட்டும் அவர் நிதானமில்லை. அதன்பிறகு கறுப்பும் சாம்பலும் அலமாரி மேல்தட்டில் பையோடு கிடந்தன. பட்டையைத் துவைப்பது, காயப்போடுவது, காலையில் கையில் கொடுப்பது எல்லாம் மனைவி.

போதும், யாருக்காக இது, என்று எழுந்து உட்கார்ந்து பட்டையைக் கோபமாக உருவினார். உருவிய வேகத்தில் அது உள்பக்கம் வெளியாகத் திரும்பிக்கொண்டு வந்தது. என்ன இது? மூட்டும் இடத்தில் கம்பெனித் தையல் ஒன்றுதானே இருக்க வேண்டும், அதன் பக்கத்திலேயே இன்னொரு வரிசை, அதையடுத்து இன்னொன்று, அப்புறம் இன்னொன்று, துணி மடிப்பு மேல் மடிப்பாகத் தடித்துக் கிடக்கிறது. தையல்காரியின் புருஷனுக்கு இதுகூடவா தெரியாது, இது பிரித்து விட்டதல்ல, பிடித்துத் தைத்தது, இளைத்துப்போன பையனின் கால்சட்டை இடுப்பைப் பிடிப்பது போல. ஒவ்வொரு வரிசை முடிவிலும் நூலை முன்னும் பின்னும் ஓட்டி நிறுத்தியிருக்கும் விதம், அது இந்த வீட்டுக் கை. அப்படியானால்... பட்டை சின்னதாகிக்கொண்டே வந்திருக்கிறது. சின்னதானால் இழுப்பு அதிகம். அதனால்தான் காலுக்கு விடிவே இல்லையா? ஏன் செய்தாள்? போன மாதம் டீ கொடுக்கும்போது சொன்னாளே, கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு இப்பதான் உங்க மூஞ்சிய பகல் வெளிச்சத்துல பாக்கறேன் என்று. விடியுமுன் போய் ஊர் அடங்கி வந்த மனுஷன் வீட்டோடு கிடப்பது பிடித்துப்போய், எழுந்து போய்விடக்கூடாது என்று... சீ, சீ, என்ன புத்தி இது, யாரை நினைக்கிறாய்? ஆனாலும் நினைத்தார், நினைத்ததற்கு வெட்கப்பட்டார், வெட்கப்பட்டுக்கொண்டே மறுபடி நினைத்தார்.

அலமாரியைப் பிடித்து எழுந்து மேல்தட்டில் துழாவிக் கறுப்பை எடுத்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, அவள் முதுகு மட்டும் தெரிந்தது. பாயில் படுத்து, சனியனே, உன்னையும் பார்த்துவிடுகிறேன் என்று கறுப்பைத் தொடையில் ஏற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலைத் திறந்தார்... திறந்துகொண்டது. பல்லைக் கடித்ததுதான் வீண். மூடினார், திறந்தார், மெல்ல மூடினார், தகடு வைத்த இடத்தில் லேசாக ஒரு உறுத்தல், அவ்வளவுதான். ஓவென்று அழவைத்த அதே கறுப்பு, பழைய வேட்டி மாதிரி சொன்னபடி கேட்கிறது! கால் நிற்கவே இல்லை, நடந்துகொண்டேதான் இருந்திருக்கிறது, அது ஒவ்வொரு அடி முன்னே வைக்கும்போதும் இவள் ஒரு விரல்கடை பிடித்துத் தைத்திருக்கிறாள், அதனால்தான் இவருக்கு எந்நாளும் ஒரே இடம். பிசியோ பெண்ணும் இவளும் வாசலில் குசுகுசுவென்று பேசிக்கொள்வார்களே, இவர் வந்தால் பேச்சை மாற்றிச் செருப்பைப் பற்றிப் பேசுவார்களே... அடிப்பாவி. கோபம்தான் வரும் என்று பார்த்தார், வரவில்லை, நெஞ்சு நெகிழ்ந்துபோய் ஒன்றும் செய்யத் தோன்றாமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அவர் தூங்கியபின் எழுந்து தைத்திருப்பாளா, இல்லை குளிக்கும்போதா? இந்த வாரம் எவ்வளவு பிடிக்கலாம் என்று எதை வைத்துக் கணக்குப் போட்டாள், அவர் முனகலை வைத்தா? அதற்காகத்தான் மெஷின் நின்று நின்று ஓடியதா?

மெஷின் நின்றது. "என்னங்க, சத்தத்தையே காணோம்?" என்று திரும்பினாள். தொடையில் கறுப்பு, பக்கத்தில் உள்புறம் வெளியாகக் கிடக்கும் இளஞ்சிவப்பு, இரண்டையும் பார்த்தாள். கள்ளி அகப்பட்டுக்கொண்டாள், ஆனால் அசடு வழிந்தது என்னவோ அவர்தான்.

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா செஞ்சிருப்பீங்களா?"

கறுப்பைத் தொடையிலிருந்து மெல்ல உருவினார். "அப்ப சோதனைக்கு வர்றேன்னு சொல்லிடட்டா?" என்றார்.

"சொல்லுங்க, கால் தாங்கும்" என்றாள் அவள், கொஞ்சம் வேகமாகவே. "முதல் வண்டி குடுத்தாங்கன்னா நாலு மணிக்கே எழுந்திருக்கணும், காக்கிச் சட்டையெல்லாம் மடிச்சுப் பூட்டி வெச்சுட்டேன், எடுத்துத் தேய்க்கணும்..." சொல்லிக்கொண்டே திரும்பி மிதிக்க ஆரம்பித்தாள், கடகடவென்று ஓடியது. படுத்த இடத்திலிருந்தே அவருக்குத் தெரிந்தது, ஊசிக்கு அடியில் துணி இல்லை. தைத்து முடித்த யூனிஃபார்ம் அவள் மடியில் கிடக்கிறது, ஊசி சும்மா ஏறி இறங்குகிறது. நியாயமாக இப்போது துள்ளிக் குதிக்க வேண்டாமா அவர்? கேட்ட கால் கிடைத்துவிட்டது, ஸ்டியரிங் கிடைத்துவிட்டது... ஏன் குதிக்கவில்லை? கூண்டு, கூண்டு என்று காலையிலிருந்து அழுதாரே, கூண்டுக்குப் பகல் நேர வேலைதான், சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிடலாம் என்று ஒரு தரமாவது நினைக்காமலா இருந்தார்? கால் வரமாட்டேன் என்கிறது, கால் வரமாட்டேன் என்கிறது என்று ஊரெல்லாம் சொன்னது காலைப் பற்றித்தானா? போன் அடித்தது. கை நீட்டினால் எடுத்துவிடலாம்.

"டெப்போவாத்தான் இருக்கும்" என்றாள் அவள், திரும்பாமல்.

"ஆமா" என்றார் அவர், எடுக்காமல்.