வெள்ளிக்கிழமை வராத வீடு

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டில் பல வருஷங்களாக வியாழக்கிழமைதான் நடந்துகொண்டிருந்தது. தெருவில் வெள்ளி வரும், சனி வரும், வாடகை ஏறும், எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கல்யாணம் ஆகும். அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டினால் மட்டும் மறுபடி வியாழன். பொழுது சாயும், திரும்ப வியாழனாகவே விடியும். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் கதவிடுக்கில் நுழையும்போதே வியாழக்கிழமைப் பேப்பராகிவிடும். ஆரம்பத்தில் தெருக்காரர்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். பிறகு மூலை வீடு, நாய் வளர்க்கிற வீடு என்பதுபோல இதுவும் ஓர் அடையாளமாகிவிட்டது. "வியாழக்கிழமை வீட்டைத் தாண்டி இடது பக்கம் திரும்புங்க" என்று வழி சொன்னார்கள்.

கடைக்காரரின் மனைவி ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிவந்தாள். அத்தியாயம் வியாழன் சாயங்காலம் போய்ச் சேர வேண்டும். அதனால் வியாழனன்று அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு: வீடே பற்றி எரிந்தாலும், அத்தியாயம் முடியும்வரை எழுத்தறைக் கதவை யாரும் தட்டக்கூடாது, எழுதுகிறவளும் எழுந்து வரக்கூடாது. சட்டத்தைப் போட்டவள் அவள் தங்கை. கல்யாணமே வேண்டாம் என்று அக்கா வீட்டோடு இருந்துவிட்டவள். மற்ற நாளெல்லாம் தையல் மெஷினில் உட்காருவாள்; வியாழனன்று அக்காவின் அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவாள். அக்காள் புருஷனைக்கூட அண்ட விடமாட்டாள். "எது வேணும்னாலும் எங்கிட்ட கேளுங்க மாமா. மூளை மட்டும் கேக்காதீங்க, அது உள்ள எழுதிக்கிட்டு இருக்கு" என்பாள். எழுதி முடித்ததை முதலில் வாசிக்கச் சொல்லிக் கேட்பவளும் அவளே. "சுமார்" என்று சொன்னால் அக்கா மாற்றி எழுதுவாள், "பரவாயில்ல" என்றால் அனுப்பிவிடுவாள். அதற்குமேல் ஒரு பாராட்டு அந்த வாயிலிருந்து வந்ததில்லை.

தங்கைக்கு வயிற்றில் வந்த நோய் எலும்புவரை போனபிறகு அவளைப் பின்னறையில் படுக்க வைத்தார்கள். ஒரு வியாழன் காலையில் டாக்டர் வந்து பார்த்தார். வலிக்கு அடுத்த ஊசி வெள்ளிக்கிழமை காலையில்தான், அதற்குமுன் போட்டால் நெஞ்சு தாங்காது என்று நர்ஸிடம் சொன்னார். படி இறங்கும்போது அக்காவிடம் குரலைத் தாழ்த்தி, "நாளைக்கு ராத்திரியைத் தாண்டாதும்மா, மனசைத் தேத்திக்குங்க" என்றார். அவள் தலையாட்டினாள். அத்தியாயம் பாக்கி இருக்கிறது என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பேனாவைத் திறந்தாள். ஒரு வரி வரவில்லை. சாயங்காலம் போயிற்று, இரவும் போயிற்று. விடிந்தபோது மறுபடி வியாழனாக இருந்தது.

விஷயம் புரிந்தபோது அவளுக்குச் சந்தோஷமும் வரவில்லை, பயமும் வரவில்லை. ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்த கால் மரத்துப்போவதுபோல மனசு மரத்துப்போயிருந்தது. எழுத முயலாமலும் இல்லை. கதாநாயகன் ரயிலடியில் பெட்டியோடு நின்றான். அவனை ரயிலில் ஏற்றவும் முடியவில்லை, வீட்டுக்குத் திருப்பி அனுப்பவும் முடியவில்லை. வார்த்தை வரவில்லை என்பது உண்மை. வந்துவிடக்கூடாது என்று அவள் இருந்ததும் உண்மை. அத்தியாயம் முடியாதவரை வெள்ளி வராது, வெள்ளி வராதவரை தங்கை சாகமாட்டாள். இதற்குமேல் யோசிக்க அவளுக்குத் தெம்பில்லை. பின்னறைப் பக்கம் அவள் போகவே இல்லை. வியாழனன்று எழுந்து போகக்கூடாதே, அந்தச் சட்டம் நல்ல சாக்காக இருந்தது. கணவர் சாப்பாட்டுத் தட்டைச் சத்தமில்லாமல் கதவுக்கு வெளியே வைத்துவிட்டுப் போவார். தினமும் கடைக்குப் போய்வந்த பாவத்துக்கு வெளியுலக வருஷங்களெல்லாம் அவர் தலையில் ஏறின. முடி போயிற்று, பல் போயிற்று, ஊர்க் கண்ணையெல்லாம் சோதித்தவருக்கே கண்ணில் புரை விழுந்தது. மனைவி உட்கார்ந்த இடத்தில் அப்படியே இருந்தாள். நடுவில் அந்தப் பத்திரிகையும் நின்றுபோனது. அவர் அதை அவளிடம் சொல்லவில்லை. கதவைத் தட்டினால்தானே சொல்வதற்கு.

நர்ஸம்மா ஊசிமருந்தோடு தவறாமல் வந்துகொண்டிருந்தார். தெருவில் வெள்ளியாக இருக்கும். படி ஏறினால் வியாழன். சுவரில் காலண்டரைப் பார்ப்பார், "இன்னும் நாள் ஆகலியே" என்பார், நாடி பிடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். டாக்டர் சொல்லைத் தட்டாதவர். அப்படியே பணி ஓய்வும் பெற்றார். அவருக்குப் பதிலாக, வெள்ளிக்கு முதல் நாளே நோயாளியைப் பார்த்துப்போக வந்தவளுக்கு ஊசி போடத் தெரியும், அந்த வீட்டுச் சட்டம் தெரியாது. கை கழுவ இடம் தேடி, தப்பான கதவைத் திறந்துவிட்டாள். வெள்ளைத் தாளுக்கு முன்னால் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்கதான் அவங்க அக்காவா? அவங்க வாயில துண்டைக் கடிச்சுக்கிட்டு படுத்திருக்காங்கம்மா. துண்டு பூரா பல்லுத்தடம். கத்தினா உங்களுக்கு எழுத்து கெட்டுப்போயிடுமாம்."

அவள் எழுந்தாள். பின்னறைக்குப் போகிற வழி அவளுக்கு நீளமாகத் தெரிந்தது. தங்கை துண்டைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"முடிச்சிட்டியா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் எழுந்து வந்த?"

"ரொம்ப வலிக்குதா?"

அக்காவிடம் பொய் சொல்லித் தங்கைக்குப் பழக்கமில்லை. "ஆமாக்கா. ஊசி நாளைக்குத்தானாம். நாளைக்குங்கிறது ரொம்ப தூரத்துல இருக்கு" என்றாள்.

அக்கா அவள் நெற்றியில் கைவைத்தாள். உயிரைப் பிடித்து வைத்திருப்பதாக நினைத்துக்கொண்டு வலியையும் சேர்த்துப் பிடித்து வைத்திருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்போதும் அழுகை வரவில்லை. "கொஞ்ச நேரம் பொறுத்துக்க, எழுதிட்டு வந்துடறேன்" என்றாள். "அவசரப்படாத, அவசரத்துல எழுதினா உளறுவ" என்றாள் தங்கை.

உளறினாள்தான். நல்ல வரி வரட்டும் என்று காத்திருக்காமல் கைக்கு வந்த வரியை எல்லாம் போட்டாள். ரயில் வந்தது. கதாநாயகன் ஏறினான், ஜன்னலோரம் இடம் கிடைத்தது, யாரோ கையசைத்தார்கள், யார் என்று அவளுக்கே தெரியாது. ரயில் கிளம்பிவிட்டது. சாயங்காலம் அவள் தாள்களை எடுத்துக்கொண்டு போய்த் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தாள்.

"சுமார்" என்றாள் தங்கை. அக்கா பேனாவை எடுத்தாள். தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கட்டும், அனுப்பிடு."

மறுநாள் வெள்ளிக்கிழமை. நர்ஸ் படி ஏறினாள், உள்ளேயும் வெள்ளியாகவே இருந்தது, ஊசியைப் போட்டாள். தங்கை காலை நீட்டிப் படுத்தாள். மத்தியானம்வரை அக்காவின் கையைப் பிடித்தபடி நிம்மதியாகத் தூங்கினாள். தூக்கத்திலேயே மூச்சு நின்றது.

வாசலில் இத்தனை காலம் காத்துநின்ற வருஷங்கள் அதற்குப் பிறகுதான் உள்ளே வந்தன. கூடத்துச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்தது, கதவுக் கீல்கள் துருப்பிடித்தன, பின்னறையிலிருந்து வெளியே வந்த அக்காவின் தலை காதோரத்தில் தொடங்கி உச்சிவரை நரைத்தது, முழங்கால் பிடித்துக்கொண்டது. கணவர் அவளை ஏற இறங்கப் பார்த்து, "இப்பத்தான் ஜோடிப் பொருத்தம் சரியா இருக்கு" என்றார். சொன்ன வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அழுதார். வருஷங்கள் பின்னறைக்குப் போய்ச் சேர்வதற்குள் தங்கை போய்விட்டிருந்தாள். அவள்மேல் ஒரு வருஷம்கூட ஏறவில்லை. கறுத்த தலைமுடியோடு படுத்திருந்தாள்.

தெருவே வந்தது. புதிதாகக் குடிவந்திருந்த ஓர் அம்மாள் பக்கத்தில் வந்து நின்று, "உங்க பொண்ணாம்மா?" என்று மெல்லக் கேட்டாள்.

"தங்கச்சி."

"ரொம்பச் சின்னவங்களோ?"

"அஞ்சு வயசுதான் வித்தியாசம்" என்றாள் அக்கா. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அந்த அம்மாள் படுக்கையை ஒருமுறை பார்த்தாள், அவளை ஒருமுறை பார்த்தாள். சரி என்பதுபோலத் தலையாட்டிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவளருகில் உட்கார்ந்துகொண்டாள்.